பாராலீகல் சர்டிபிகேட்: போட்ட பணமும் வந்த பணமும்

போன ஞாயிற்றுக்கிழமை சான் ஹோசேயிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். தமிழ்ப் பள்ளி வழியாக ஏற்பட்ட பழக்கம். "அக்கா, பாராலீகல் கோர்ஸ் சேரலாம்னு இருக்கேன். ஆன்லைன்தான், ஆறு மாசம். 11,400 டாலர். முடிச்சா வருஷத்துக்கு 61 ஆயிரம் வரும்ங்கிறாங்க. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள சேர்ந்தா 500 குறைப்பாங்களாம். நீங்க இந்த வேலையிலதானே இருக்கீங்க, சேரலாமா?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. 2022 ஏப்ரலில் எனக்கும் இதே மாதிரி கோர்ஸ் விற்பவரிடமிருந்து ஒரு அழைப்பு வந்திருந்தது. தொகை கொஞ்சம் வேறு, சம்பளமாகச் சொன்னது 56 ஆயிரம். வெள்ளிக்கிழமைக் கெடு மட்டும் அப்படியே. அன்று நான் அங்கே சேரவில்லை. வேறு வழியில் போய், இன்று சாக்ரமென்டோவில் இரண்டு அட்டர்னிகள் நடத்தும் சின்ன அலுவலகத்தில் பாராலீகலாக இருக்கிறேன். பாராலீகல் என்றால் அட்டர்னிக்கு, அதாவது வக்கீலுக்கு, வழக்கு வேலைகளில் உதவுபவர். சம்பள பாக்கி வழக்குகள், கார் விபத்து வழக்குகள், இவைதான் எங்கள் வேலை.

அவளிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கலிஃபோர்னியா. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் பண விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்ட விஷயத்துக்கு உங்கள் மாநில விதியைப் பாருங்கள்.

முதலில் அந்த 61 ஆயிரம். அது பொய் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2024 மே மாதக் கணக்கில் பாராலீகல்களுக்கும் லீகல் அசிஸ்டன்ட்களுக்கும் சேர்த்து வெளியிட்ட இடைநிலைச் சம்பளம் 61,010 டாலர். 2021இல் அது 56,230 ஆக இருந்தது. எனக்குச் சொன்ன எண் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் இடைநிலை என்றால் என்ன? நாட்டில் இந்த வேலை பார்க்கும் எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது. பாதிப் பேர் அவருக்குக் கீழே. இருபத்தைந்து வருஷம் ஒரே நிறுவனத்தில் பழம் தின்று கொட்டை போட்டவரும் அந்த வரிசையில் உண்டு, நேற்றுச் சேர்ந்தவரும் உண்டு. மத்திய அரசு அலுவலகங்களில் இருப்பவர்களும் உண்டு, அவர்களுக்குச் சட்ட நிறுவனங்களைவிடக் கணிசமாக அதிகம். வரிசையின் கடைசிப் பத்து சதவீதத்தினர் ஏறக்குறைய 40 ஆயிரத்துக்கும் கீழே வாங்குகிறார்கள். ஆறு மாத கோர்ஸ் முடித்துவிட்டு, ஒரு கேஸ் ஃபைலைக்கூடத் தொட்டிராத ஒருத்தி இந்த வரிசையில் எங்கே போய் நிற்பாள்? நிச்சயமாக நடுவில் இல்லை. கோர்ஸ் விற்பவர் அவளை நடுவில் நிற்கவைத்துப் பேசுகிறார். எனக்கு வருத்தம் அங்கேதான்.

அதே துறை இன்னொன்றும் சொல்கிறது: 2024 முதல் 2034 வரை இந்த வேலைகளின் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் கூடப்போவதில்லை. காலி இடங்கள் வரும், வராமல் போகாது. ஆனால் அவை பெரும்பாலும் ஓய்வு பெறுபவர்களும் வேறு வேலைக்குப் போகிறவர்களும் விட்டுச்செல்லும் இடங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு ஆள் எடுப்பவர் அனுபவம் கேட்பார் என்பது இயல்பு.

அந்த ஏப்ரலில் நான் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருந்தேன். மணிக்கு 25 டாலர். பி.காம் படித்தவள். கணக்குப் பார்ப்பது பழக்கம் என்பதால் ஒரு நோட்டு எடுத்து இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு என்று எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் செலவு என்று இருந்தது ஒரே வரி, கோர்ஸ் கட்டணம். கடைசிப் பக்கம் வந்தபோது கட்டணம்தான் இருந்ததிலேயே சின்ன வரிகளில் ஒன்றாகியிருந்தது.

அதற்குக் காரணம் கம்யூனிட்டி காலேஜ், அதாவது அரசுப் பணத்தில் நடக்கும் இரண்டு வருஷக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012இலிருந்து அது ஏறவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே குடியிருப்பது நிரூபணமானால் போதும். இல்லாவிட்டால் வெளிமாநிலத்தார் கட்டணம், அது பல மடங்கு. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் காலேஜ் பிராமிஸ் கிரான்ட் என்ற பெயரில் அந்த 46ஐயும் தள்ளுபடி செய்கிறார்கள். எட்டு பாடம், பாடத்துக்கு மூன்று யூனிட், மொத்தம் 24 யூனிட். 24ஐ 46ஆல் பெருக்கினால் 1,104 டாலர்.

11,400 எங்கே, 1,104 எங்கே! அந்தத் தொகையைப் பார்த்ததும் ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து, மறுநாள் கல்லூரிக்கே போய் கவுன்சலரிடம் கேட்டேன். தப்பில்லை.

ஏன் 24 யூனிட் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை அறியாமல்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் பாராலீகல் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. பிசினஸ் அண்ட் புரொஃபஷன்ஸ் கோடு என்ற மாநிலச் சட்டத்தின் பிரிவு 6450, 2001இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பாராலீகல் ஒரு அட்டர்னியின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும், சில தகுதிகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். அமெரிக்க வக்கீல்களின் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் அங்கீகரித்த பாராலீகல் கோர்ஸின் சர்டிபிகேட் ஒரு வழி. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட் சட்டப் பாடங்களுடன் வாங்கிய சர்டிபிகேட் இன்னொரு வழி. மூன்றாவது வழியைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ஏதாவது ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம், குறைந்தது மூன்று வருஷமாகத் தொழிலில் இருக்கும் ஒரு அட்டர்னியின் கீழ் ஒரு வருஷச் சட்ட வேலை அனுபவம், "இவருக்கு இந்த வேலை தெரியும்" என்று அந்த அட்டர்னி எழுத்தில் தரும் உறுதிமொழி. அவ்வளவுதான். சர்டிபிகேட்டே வேண்டாம்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் பட்டம் முடித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். நம் ஊர்ப் பட்டத்தை இங்குள்ளதற்கு இணையாக மதிப்பிட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் காகிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்தால் நேர்காணலில் பேச்சு சுருங்கும். பட்டம் கையில் இருக்கிறவளிடம் 11 ஆயிரம் டாலர் கோர்ஸை விற்பவர் இந்த மூன்றாவது வழியை வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. எனக்கு வந்த விளம்பரத்தில் "அமெரிக்கன் பார் அசோசியேஷன் தரத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது" என்று இருந்தது. அங்கீகாரம் என்பது வேறு, ஏற்ப என்பது வேறு. அந்த அசோசியேஷன் தன் இணையதளத்தில் அங்கீகரித்த கோர்ஸ்களின் பட்டியலை வைத்திருக்கிறது. பெயர் அதில் இருந்தால் அங்கீகாரம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனக்குச் சொன்ன கோர்ஸ் அதில் இல்லை. 24 யூனிட் கணக்கிலும் வரவில்லை. அதாவது முழுப் பணத்தையும் கட்டி முடித்த பிறகும், இந்த மாநிலத்தில் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாராலீகல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர்கள் பேசியது மொத்தம் நாற்பது நிமிஷம். இந்த ஒரு விஷயம் அந்த நாற்பது நிமிஷத்தில் வரவில்லை.

அப்படியானால் நான் ஏன் படித்தேன்? பட்டம்தான் இருந்ததே, நேராக ஒரு அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாமே? முயன்றேன். இரண்டு மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. பல் மருத்துவமனை முன்மேசையில் இருந்தவளை ஒரு சட்ட அலுவலகம் எதை வைத்து நம்பும்? அதனால் 2022 இலையுதிர்காலத்தில் இரண்டு மாலை வகுப்புகளில் சேர்ந்தேன். திங்கள், புதன், மாலை ஆறு மணியிலிருந்து.

செலவின் உண்மையான முகம் அப்போதுதான் தெரிந்தது. எட்டுப் பாடங்களுக்குப் புத்தகம், பழையதும் புதியதுமாக, 900 டாலர். பார்க்கிங், சில்லறைக் கட்டணங்கள் 250. முதல் செமஸ்டரில் கணவருக்கு மாலை ஷிஃப்ட். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டியிருந்தது. மணிக்கு 20 டாலர், ஒரு மாலைக்கு நான்கு மணி நேரம், வாரம் இரண்டு மாலை, 16 வாரம். 2,560 டாலர்! இரண்டு வருஷப் படிப்புக்கான மொத்தக் கட்டணத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல், ஒரே செமஸ்டரில். எந்தக் கல்லூரியின் செலவுப் பட்டியலிலும் இது இருக்காது. பிள்ளை வளர்க்கும் பெண்களுக்குப் படிப்பின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வரிதான். அடுத்த செமஸ்டரிலிருந்து அவருடைய ஷிஃப்ட் மாறியதால் தப்பித்தோம்.

இரண்டாவது செமஸ்டர் முடிந்தபோது வகுப்பெடுத்த அட்டர்னி ஒருவர், தனக்குத் தெரிந்த அலுவலகத்தில் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ள லீகல் அசிஸ்டன்ட் தேவை என்றார். 2023 ஜூலையில் சேர்ந்தேன். மணிக்கு 23 டாலர். பல் மருத்துவமனையில் வாங்கியதைவிட இரண்டு டாலர் குறைவு. பதினான்கு மாதம் அந்தச் சம்பளத்தில் இருந்தேன். 2024 ஜூனில் சர்டிபிகேட் கைக்கு வந்தது, செப்டம்பரில் பாராலீகல் என்ற பெயரும் மணிக்கு 30 டாலரும் கிடைத்தது.

இப்போது நோட்டைக் கூட்டுகிறேன். கட்டணம், புத்தகம், பார்க்கிங், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட செலவு: 4,814. பதினான்கு மாதம் மணிக்கு இரண்டு டாலர் குறைவாக வாங்கியதால் இழந்தது ஏறக்குறைய 4,850. வரிக் கணக்கில் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்று ஒன்று இருக்கிறது. தகுதியுள்ள கல்லூரிக்குக் கட்டிய கட்டணத்தில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும், வருஷத்துக்கு அதிகபட்சம் 2,000 டாலர், வருமான வரம்பும் உண்டு. எனக்குக் கட்டணமே குறைவு என்பதால் மொத்தம் 220 டாலர்தான் வந்தது. எல்லாம் போக என் செலவு சுமார் 9,450 டாலர். கட்டணம் அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

வரவுப் பக்கம்: 30 கழித்தல் 25, மணிக்கு ஐந்து டாலர், வருஷத்துக்கு 10,400 என்று எழுதத்தான் கை போகும். முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் பல் மருத்துவமனையிலேயே இருந்திருந்தால் அங்கேயும் சம்பளம் ஏறியிருக்கும். என்னோடு இருந்த தோழி 2024இல் மணிக்கு 27 வாங்கினாள். ஆக உண்மையான வித்தியாசம் மூன்று டாலர். வருஷத்துக்கு 6,240, அதுவும் வரிக்கு முன்னால். 9,450ஐத் திரும்ப எடுக்க ஒன்றரை வருஷம் ஆகிறது. படிப்பைத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் மூன்றரை வருஷம்.

இது நல்ல கணக்கா? எனக்கு நல்ல கணக்கு. மணிக்கு 35 டாலர் வாங்கிக்கொண்டிருப்பவர் இதே கணக்கைப் போட்டால் பல வருஷத்துக்கு நஷ்டம்தான் காட்டும். வேலையே இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு முதல் மாதமே லாபம் காட்டும். ஒரே சர்டிபிகேட், மூன்று விடை. "சேரலாமா" என்று யார் கேட்டாலும் "இப்போ என்ன வாங்கிட்டு இருக்கீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான்.

சம்பளம் 23இலிருந்து 30 ஆனதற்கு அந்தக் காகிதம்தான் காரணமா என்று எனக்குள்ளேயே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதிக் காரணம் என்று சொல்வேன். மீதிப் பாதி எது என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன்.

2025 மார்ச் 3, திங்கட்கிழமை. எதிர்த்தரப்பிலிருந்து எங்கள் கட்சிக்காரருக்கு இன்டராகட்டரிஸ் வந்தது, அதாவது எழுத்தில் பதில் தர வேண்டிய கேள்விகள். பதில் தர 30 நாள். மார்ச் 3இலிருந்து 30 நாள் எண்ணினால் ஏப்ரல் 2. இதே கேள்விகள் கலிஃபோர்னியாவுக்குள்ளிருந்து தபாலில் வந்திருந்தால் சட்டம் இன்னும் ஐந்து நாள் கூட்டித் தருகிறது, ஏப்ரல் 7 வரை போகலாம். மின்னஞ்சல் வழியாக வந்தால் கூடுவது இரண்டு கோர்ட் வேலைநாள் மட்டும், ஏப்ரல் 4. எங்கள் அலுவலகத்தில் வழக்கமாகத் தபாலில்தான் வரும். அன்றைக்கு உறையும் இருந்தது, மின்னஞ்சலும் இருந்தது. காலண்டரில் யாரோ ஏப்ரல் 7 என்று போட்டுவிட்டார்கள். நான் புரூஃப் ஆஃப் சர்வீஸ் தாளை, அதாவது எந்த வழியில் சேர்ப்பித்தார்கள் என்று சொல்லும் தாளை, கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தேன். மின்னணு முறையில் சேர்ப்பித்ததாக டிக் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உறையில் வந்தது மரியாதைக்கு அனுப்பிய நகல். காலண்டரில் 7ஐ அடித்து 4 என்று மாற்றி, அட்டர்னியிடம் தாளைக் காட்டினேன்.

மூன்று நாள்தானே என்று தோன்றும். அந்த மூன்று நாள் தவறினால் அந்தக் கேள்விகளுக்கு ஆட்சேபம் சொல்லும் உரிமையே போய்விடும். கட்சிக்காரர் சொல்ல வேண்டாத விஷயத்தையும் சொல்ல வேண்டிவரும். பிறகு கோர்ட்டில் மனுப் போட்டு மன்றாட வேண்டும். அட்டர்னி தாளைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையிலிருந்து எல்லாக் காலண்டர் பதிவுகளும் என் கைக்கு வந்தன.

இந்த நாள் எண்ணும் வித்தையை நான் படித்தது மூன்றாவது செமஸ்டரில், 138 டாலர் வகுப்பில். ஆசிரியை ஒவ்வொரு வாரமும் ஐந்து தேதி கொடுத்து எண்ணச் சொல்வார். ஒரு நாள் பிசகினாலும் பூஜ்யம், பாதி மதிப்பெண் கிடையாது. அப்போது கோபம் வந்தது. இப்போது அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். சர்டிபிகேட் கோர்ஸ் எதுவானாலும் அதில் இப்படி ஒரு வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தின் வரலாறு, நீதிமன்றங்களின் அமைப்பு என்று ஆறு மாதமும் ஓடிவிட்டால் வேலையில் கை கட்டித்தான் நிற்க வேண்டும்.

பாராலீகலின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் எதைப் படிக்க வேண்டும் என்பதும் விளங்கும். அட்டர்னிகள் நேரத்தை ஆறு நிமிஷத் துண்டுகளாக எழுதி பில் போடுகிறார்கள், 0.1 மணி, 0.2 மணி என்று. பாராலீகலின் நேரத்தையும் தனி விலையில் பில்லில் சேர்க்கலாம். 1989இல் மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எதிர்த்தரப்பு கட்ட வேண்டிய வக்கீல் கட்டணத்தில் பாராலீகல் செய்த வேலையையும் சந்தை விலைக்கே சேர்க்கலாம் என்றது. அதே தீர்ப்பின் அடிக்குறிப்பில், வெறும் குமாஸ்தா வேலையைப் பாராலீகல் விலைக்குப் பில் போடக்கூடாது என்றும் சொன்னது. நகல் எடுப்பது, ஃபைல் அடுக்குவது, தபால் போடுவது இவற்றுக்கு அந்த விலை கிடையாது. சம்பளப் பதிவேடுகளைப் படித்து எந்த வாரம் எத்தனை மணி ஓவர்டைம் விடுபட்டது என்று அட்டவணை போடுவதற்கு உண்டு. சாட்சியின் வாக்குமூலத்தைச் சுருக்கி எழுதுவதற்கு உண்டு. அலுவலகத்துக்கு நான் ஈட்டித் தரும் பணம் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என் நாள் கழிகிறது என்பதைப் பொறுத்தது. என் சம்பளம் ஏறியதும், முதல் பக்கத்திலிருந்து இரண்டாவது பக்கத்துக்கு நகர்ந்த பிறகுதான்.

நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "இந்த வேலையில் இருப்பவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் பில் போடுகிறார்?" கையை விரித்தார்கள் என்றால், பெயர் மட்டும் பாராலீகல், வேலை வேறு.

ஓவர்டைம் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் மனசு ஆறாது. மத்திய தொழிலாளர் விதி, பொதுவாகப் பாராலீகல்கள் ஓவர்டைம் பெற உரிமையுள்ளவர்கள் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்த வேலைக்கு உயர்பட்டம் கட்டாயமில்லை என்பது காரணம். கலிஃபோர்னியாவில் நாளொன்றுக்கு எட்டு மணி தாண்டினாலே ஒன்றரை மடங்கு. ஆனால் "உங்களுக்கு மாதச் சம்பளம், நேரக் கணக்கு இல்லை" என்று சொல்லி இரவு எட்டு வரை உட்காரவைக்கும் இடங்கள் உண்டு. வகுப்பில் என்னோடு படித்த ஒரு பெண் அப்படித்தான் ஏழு மாதம் இருந்தாள். பிறருடைய ஓவர்டைம் பாக்கிக்காக வழக்குப் போடும் அலுவலகம் அது. ஆண்டுக்கு 58 ஆயிரம் என்று சேர்ந்தவள். அவள் உண்மையில் உட்கார்ந்த மணிகளால் வகுத்தால் மணிக்கு 22 டாலருக்குப் பக்கத்தில் வந்தது. ஆண்டுச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல் மணிக் கணக்கைப் பாருங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி தருவது சர்டிபிகேட். "சர்டிஃபைட் பாராலீகல்" என்பது வேறு. அது நாலா என்ற தேசியச் சங்கம் 1976இலிருந்து நடத்தும் தேர்வில் தேறியவர்கள் போட்டுக்கொள்ளும் பட்டம். கல்லூரிச் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு ரெஸ்யூமேயில் சர்டிஃபைட் என்று எழுதினால், தெரிந்தவர் படித்த அந்த நொடியே நம்மை ஒதுக்கிவிடுவார். வேலையில் சேர்ந்த பிறகு தேர்வு எழுதலாம், அவசரமில்லை. அதைவிட அவசரம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எட்டு மணி நேரத் தொடர்கல்வி, அதில் நான்கு மணி நெறிமுறைக்கு. இதை இந்த மாநிலச் சட்டம் கேட்கிறது. நல்ல அலுவலகம் அந்தச் செலவை ஏற்கும். நிறுவனம் விரும்பினால் ஊழியரின் படிப்புக்கு வருஷம் 5,250 டாலர் வரை வரியில்லாமல் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஏற்கெனவே ஒரு பெரிய நிறுவனத்தில் ஏதோ ஒரு வேலையில் இருப்பவர்கள், சொந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன் மனிதவளத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எச்-4 விசாவில், அதாவது கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த விசாவில், இருக்கும் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்-4இல் படிக்கலாம், தடையில்லை. வேலை பார்க்க இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, முக்கியமாகக் கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு, ஒப்புதல் ஆகியிருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். இஏடி இல்லாத வரை நோட்டின் வலப்பக்கம் காலியாகவே இருக்கும். நான் ஐந்து வருஷம் அப்படி இருந்தவள், அந்த ஏக்கம் எனக்குத் தெரியும். வீட்டில் சும்மா இருக்கிறோமே என்ற தவிப்பில்தான் இந்த மாதிரி போன் அழைப்புகளில் மாட்டுகிறோம். படிக்க ஆசை என்றால் 46 டாலர் யூனிட்டில் ஒரு வகுப்பு எடுங்கள். 11 ஆயிரத்தை, வேலை பார்க்க உரிமை வராத காலத்தில், கடன் வாங்கிக் கட்டாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது காசு சம்பந்தப்பட்டதுதான். பாராலீகல் ஆனதும் தெரிந்தவர்கள் எல்லாரும் சட்ட ஆலோசனை கேட்பார்கள். பிறந்தநாள் விழாவில் தட்டோடு வந்து நிற்பார்கள்: "எங்க வீட்டு ஓனர் டெபாசிட் தரலம்மா, என்ன பண்ணலாம்?" பதில் தெரிந்தாலும் சொல்லக்கூடாது. பாராலீகல் நேரடியாகச் சட்ட ஆலோசனை தருவது இங்கே குற்றம். முதல் மீறலுக்கே 2,500 டாலர் வரை அபராதம் போடலாம். மாமா, மாமி என்று உரிமையோடு கேட்பவர்களிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. கவுன்டி கோர்ட்டின் சுயஉதவி மையத்தின் முகவரியைக் கொடுத்துவிடுகிறேன். அங்கே பணம் வாங்காமல் வழிகாட்டுவார்கள்.

அந்தத் தங்கைக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் குழம்பிவிட்டாளோ என்று எனக்குக் கவலை. அதனால் கடைசியில் ஒரே ஒரு வேலை மட்டும் சொன்னேன், 2022இல் நானே செய்தது. உன் வீட்டிலிருந்து நீ போய்வரக்கூடிய தூரத்தில், பாராலீகல், லீகல் அசிஸ்டன்ட் என்ற பெயரில் வந்திருக்கும் 40 விளம்பரங்களை எடு. ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் குறி: சர்டிபிகேட் கட்டாயமா, அனுபவம் எத்தனை வருஷம், சம்பளத்தின் கீழ் எல்லை எவ்வளவு. இந்த மாநிலத்தில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட்டாக வேண்டும், அதனால் தேட வேண்டியதில்லை. மேல் எல்லையை எழுதாதே, கீழ் எல்லையை எழுது. நீ சேரும்போது வாங்கப்போவது அதுதான். என் பட்டியலில் நாற்பதில் நான்கு இடம்தான் சர்டிபிகேட் கட்டாயம் என்றது. 13 இடம் "இருந்தால் நல்லது" என்றது. 31 இடம் இரண்டு வருஷ அனுபவம் கேட்டது. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் முழுச் சர்டிபிகேட் வரும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே ஒரு அலுவலகத்தில் நுழைந்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

"நாற்பதுமா அக்கா?" என்றாள்.

"நாற்பதும்தான்மா. பத்து பார்த்தா நமக்குப் பிடிச்ச பத்தைத்தான் பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை போய்விட்டது, அவள் பணம் கட்டவில்லை. நேற்று இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி வந்தது: "27 பார்த்துட்டேன் அக்கா. மூணு இடத்துலதான் கட்டாயம்னு போட்டிருக்காங்க. கீழ் எல்லை 24ல இருந்து 29. நான் இப்போ டேகேர்ல 22 வாங்குறேன். மீதி 13ஐ நாளைக்குப் பாப்பா தூங்கினதும் பார்க்கிறேன். உங்க காலேஜ் மாதிரி இங்க பக்கத்துல எது இருக்கு?"